கிட்டி பெற்ற பிள்ளை

1853-ஆம் ஆண்டு டான்பி சீமோர் என்ற பிரிட்டிஷ் எம்.பி. சென்னையில் கப்பல் இறங்கினார். அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தைப் பத்திரிகையில் கொட்டிய மனிதர். ‘கிரெசன்ட்’ அவருடைய ஏடு. முந்தைய ஆண்டுதான் சென்னைவாசிகள் சங்கம் ஒன்றையும் தொடங்கியிருந்தார். வரி வசூலிக்கும் சேவகர்கள் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்று அந்தச் சங்கம் லண்டனுக்கு மனு எழுதியிருந்தது. மனுவைப் படித்துவிட்டு மூடிவைப்பது அந்த நாளிலும் சுலபம்தான். அதனால் செட்டி, நேரில் வந்து இறங்கியவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். அங்கே சீமோர் பார்த்ததையும் கேட்டதையும் மறுவருடம் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னபோது, கிழக்கிந்தியக் கம்பெனி தரப்பினர் அடியோடு மறுத்தார்கள். இந்தியாவில் எத்தனையோ ஆண்டு இருந்தோம், இப்படி ஒன்றைக் காதால் கேட்டதுகூட இல்லை என்றார்கள். சரி, விசாரித்துவிட்டால் போகிறது என்று முடிவானது. விசாரணையில் ஒன்றும் கிடைக்காது என்ற நம்பிக்கை பலருக்கு இருந்திருக்கும்.

1854 செப்டம்பரில் சென்னை அரசு மூன்று பேர் கொண்ட ஆணையத்தை நியமித்தது. எட்வர்ட் எலியட், சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட். பெசன்ட் நகரில் இன்று காற்று வாங்கப் போகிறவர்கள் ‘எலியட்ஸ் பீச்’ என்று சொல்வது இவர் பெயரைத்தான். இரண்டாமவர் ஸ்டோக்ஸ். மூன்றாமவர் வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன், கம்பெனி நிர்வாகத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தவர். சென்னையில் உட்கார்ந்து புகார் கேட்கப் போகிறோம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மாவட்டங்களுக்கு அறிவிப்பு போனது. ரயில் இல்லாத காலம். கொடுத்தது சில மாத அவகாசம். வழியில் மடக்கிப் பயமுறுத்தத் தாசில்தாரின் ஆட்கள் வேறு இருந்தார்கள். யார் வரப்போகிறார்கள்?

வந்தார்கள். நேரிலும் கடிதத்திலுமாக 1,959 புகார்கள் குவிந்தன. அறிக்கையில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்து, அவன் துண்டையோ கயிற்றையோ கழுத்தில் சுற்றிக் கால்விரல்களுக்கு அடியில் இழுத்துக் கட்டி, அப்படியே வெயிலில் நிறுத்திவிடுவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. இன்னொன்று, கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள், பாக்குவெட்டியைப் போல வாய் திறக்கும். நடுவே விரல்களை வைத்து அழுத்தினால் கேட்டது கிடைத்துவிடும். பெரிய ஆயுதசாலை ஒன்றும் தேவைப்படவில்லை, கொல்லையில் கிடக்கும் குச்சி போதும். 1855 ஏப்ரலில் அறிக்கை முடிந்தது. அது கடல் கடந்து எங்கெங்கோ போனது. 1857-இல் கார்ல் மார்க்ஸ் அதை வைத்து நியூயார்க் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் அறிக்கைக்குள் வரிப் பாக்கியோடு இன்னொரு சங்கதியும் கிடந்தது. வரி கேட்ட அதே தாசிலின் சேவகன்தான் திருட்டையும் விசாரித்தான். அதே கிட்டி, வரிப் பாக்கிக்குப் பணத்தைக் கொடுத்தது. திருட்டுக்கு என்ன கொடுத்தது?

ஒப்புதலைக் கொடுத்தது. நான்தான் செய்தேன் என்ற ஒரே வாக்கியம். வீடு வீடாக விசாரிக்க வேண்டாம், சாட்சி தேட வேண்டாம், அதோடு வழக்கு முடிந்தது. வரி வேறு, காவல் வேறு என்று பிரித்து 1859-இல் சென்னைக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது. தனிச் சீருடை, தனி அதிகாரிகள், தனிச் சம்பளம். ஆள் மாறினால் பழக்கமும் மாறும் என்று கணக்குப் போட்டார்கள். பழக்கம் மாறவில்லை. அப்போதுதான் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு விபரீத யோசனை பிறந்தது. கிட்டியை ஒழிக்க முடியாவிட்டால், கிட்டி பிழிந்து தருவதைச் செல்லாக்காசு ஆக்கிவிட்டால் என்ன?

1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது நுழைந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எதுவும் கொடுத்தவனுக்கு எதிரான சான்றாகாது. அடித்து வாங்கியதா, தானாகச் சொன்னானா என்ற ஆராய்ச்சியே கிடையாது. போலீஸ் காதில் விழுந்தாலே அது தீட்டு. 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று பிரிவு எண்கள் வாங்கிக்கொண்டு அது நிலைத்தது. அந்த ஆண்டு நடந்த சட்ட விவாதத்தில் அனுபவசாலியான ஓர் அதிகாரி சொன்னதை ஸ்டீபன் பிற்பாடு எழுதிவைத்தார். இந்த வதையில் சோம்பேறித்தனம் நிறைய இருக்கிறதாம். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து எவன் கண்ணிலாவது மிளகாய்ப் பொடி தேய்ப்பது சுகமாயிற்றே! ஸ்டேஷனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவன் கோர்ட்டில் ஏறி, ‘அடிச்சு எழுதி வாங்கினாங்க ஐயா’ என்று சொன்னதும் நீதிபதி அந்தத் தாளைத் தள்ளிவைப்பாரே, தமிழ் சினிமாவில் நூறு முறை வந்த அந்தக் காட்சியின் அஸ்திவாரம் சென்னைக் குடியானவர்கள் நேரிலும் கடிதத்திலும் கொண்டுவந்து சேர்த்த புகார்கள்தான். விதி பிறந்துவிட்டது. ஆனால் பிறந்த வேகத்தில் அது கப்பலும் ஏறியது.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கடல்வழியிலேயே சட்டமும் போனது. 1893-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் ஸ்டீபனின் சட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டன. ஜொகூர் அப்போது தனி சுல்தானகம். 1950-இல் மலாயாக் கூட்டரசுக்கென்று சாட்சியச் சட்டம் வந்தபோது ஜொகூரும், அதற்குள்ளிருந்த மாசாய் ரப்பர்க் காடுகளும் அந்தக் குடைக்குக் கீழே வந்தன. பிரிவு எண்கள்கூட மாறவில்லை, அதே 25, 26, 27. சேலத்துக்காரனைக் காப்பாற்ற எழுதிய விதி, பால்மரம் வெட்டப் போன அவன் பேரனைத் தேடி வந்து சேர்ந்தது என்று சந்தோஷப்படலாம். அதற்குமுன் 25-ஆம் பிரிவை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியப் பிரிவில் ‘போலீஸ் அதிகாரி’ என்று இருந்த இடத்தில், மலேசியப் பிரிவு ‘இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழ்ப்பட்ட போலீஸ் அதிகாரி’ என்றது. கான்ஸ்டபிளிடம் சொன்னால் செல்லாது, சார்ஜனிடம் சொன்னால் செல்லாது. எச்சரிக்கை வாசகத்தைப் படித்துக் காட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டால்? செல்லும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அதற்குக் கதவைத் திறந்து வைத்தது. சென்னை ஆணையம் கண்டுபிடித்தது விசாரணை அறையைப் பற்றிய ஓர் உண்மை. அதைத் தோள்பட்டைப் பட்டையைப் பற்றிய விஷயமாக யாரோ மாற்றிப் படித்திருந்தார்கள். இந்தப் பதவி வித்தை பின்னால் இன்னொரு ஊரிலும் வேலை செய்யும். அதற்குமுன் கதை லண்டனுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், சென்னைப் போலீஸை நம்பாத வெள்ளைக்காரர்கள் லண்டன் போலீஸை நம்பினார்கள். தங்கள் ஊருக்கு இந்த விதியை அவர்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. 1972 ஏப்ரல் 22 விடிகாலை, தென் லண்டன் கேட்ஃபர்டில் ஒரு வீடு தீப்பிடித்தது. உள்ளே மாக்ஸ்வெல் கான்ஃபே என்ற 26 வயதுக்காரர் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். இரண்டு நாள் கழித்து அக்கம்பக்கத்தில் சில்லறைத் தீ வைத்ததாகப் பையன்கள் பிடிபட்டார்கள். மூன்று பேர். ஒருவனுக்கு 18 வயது, ஆனால் புத்தி எட்டு வயதுக் குழந்தையுடையது. மற்றவர்களுக்கு 15, 14. பெற்றோரோ வக்கீலோ இல்லாமல் விசாரணை நடந்தது. பெற்றோர் வந்து சேர்ந்தபோது பேச்சு முடிந்திருந்தது. சொன்னதையே அவர்கள் முன்னால் இன்னொரு முறை சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. கிட்டி இல்லை, மிளகாய்ப் பொடி இல்லை. மூன்று பேரிடமிருந்தும் வாக்குமூலம் மட்டும் வந்திருந்தது.

அதில் ஒரு முள் இருந்தது. கொலை நடந்ததாக மருத்துவர்கள் முதலில் குறித்த முன்னிரவில் அந்த 18 வயதுப் பையன் சால்வேஷன் ஆர்மி மன்றத்தில் இருந்தான், பார்த்த சாட்சிகளும் இருந்தார்கள். பையன் செய்திருக்க முடியாது என்றால் வாக்குமூலம் பொய் என்றுதானே ஆக வேண்டும்? நீதிமன்றத்தில் நடந்தது வேறு. இறந்த நேரத்தை வாக்குமூலத்துக்குத் தோதாக நீட்டினார்கள். மருத்துவமே கையெழுத்துக்கு வழிவிட்டது. நவம்பரில் மூவருக்கும் தண்டனை. உள்ளூர் எம்.பி. கிறிஸ்டஃபர் பிரைஸும் பெற்றோரும் மூன்று வருடம் விடாமல் தட்டியபின் 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. எங்கே தவறு நேர்ந்தது என்று ஆராய சர் ஹென்றி ஃபிஷர் என்ற முன்னாள் நீதிபதியை நியமித்தார்கள். 1977-இல் அவர் அறிக்கை வந்தது, யாரும் எதிர்பாராத ஒரு முடிவோடு.

போலீஸ் விதிகளை மீறியது என்றார் ஃபிஷர். அதே மூச்சில், இரண்டு பையன்களுக்குக் கொலையில் பங்கு இருந்திருக்கலாம் என்றும் எழுதினார். கெட்ட மனிதர் அல்லர், அக்கறையோடு ஆராய்ந்தவர்தான். அடி விழாமல், செய்யாத கொலையை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்கினார்கள், இன்றும் வழுக்குகிறார்கள். 1980-இல் புதிய தகவல்கள் கிடைத்தபின் அட்டர்னி ஜெனரல் ஹேவர்ஸ் எழுந்து, மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார். 1984-இல் பிரிட்டன் தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தி எழுதியது. விசாரணை ஒலிநாடாவில் பதிவாக வேண்டும். சிறுவனுக்குப் பக்கத்தில் பெற்றோரோ பொறுப்பான வேறொரு பெரியவரோ உட்கார வேண்டும். விசாரணை அறைக்குள் ஒரு நாற்காலி கூடுதலாக நுழைந்தது. ஆனால் பையன்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்ற புதிர் அப்படியேதான் இருந்தது.

அந்தப் புதிரை ஒருவர் ஏற்கெனவே ஐஸ்லாந்தில் கையில் வைத்துக்கொண்டு திகைத்திருந்தார். கிஸ்லி குட்ஜோன்சன், 1975 வாக்கில் ரெய்க்யவிக்கில் இளம் போலீஸ்காரர். பர்ஸ் திருடிவிட்டதாக ஒருவரை விசாரித்தார். குடிப்பழக்கத்தால் நினைவு தப்பிய மனிதர், திருடியதாக ஒப்புக்கொண்டார். பிறகு பார்த்தால் அந்தப் பர்ஸ் திருட்டே போகவில்லை. குட்ஜோன்சன் போலீஸ் வேலையை விட்டு உளவியலுக்குப் போனார். கேள்வியின் அழுத்தத்துக்கு யார் எவ்வளவு வளைவார்கள் என்பதை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கி, லண்டனில் இருந்தபடி உலகமெங்கும் நீதிமன்றங்களுக்கு வாக்குமூலங்களைப் பிரித்துக் காட்டினார். இதற்கு நடுவில் சென்னையில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

1987-இல் பயங்கரவாதத்துக்கு எதிராக இந்தியா கொண்டுவந்த தடா சட்டத்தின் 15-ஆவது பிரிவு, எஸ்.பி. பதவியிலோ அதற்கு மேலோ இருக்கும் போலீஸ் அதிகாரி பதிவுசெய்த வாக்குமூலம் செல்லும் என்றது. மலாயாவில் இன்ஸ்பெக்டர், இங்கே எஸ்.பி. பிறந்த ஊரிலேயே விதிக்குக் குழி வெட்டியாயிற்று. 1991 ஜூன் 11 அன்று ஜோலார்பேட்டை பேரறிவாளனை அவன் அம்மா அற்புதம்மாள் சென்னையில் சி.பி.ஐ. அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று அதிகாரிகள் சொன்னதாக அவர் அன்றிலிருந்து சொல்லிவந்தார். பையனுக்கு 19 வயது. தடாவின் கீழ் எஸ்.பி. தியாகராஜன் எழுதிய வாக்குமூலத்தில், கொலைச் சதியின் சூத்திரதாரி சிவராசனுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்ததாக இருந்தது. 1998-இல் தூக்குத் தண்டனை. 1999-இல் உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே அல்ல என்றது, ஆனால் தடா கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் கீழே போடவில்லை. அந்தத் தாளில் ஒரு வரி குறைவாக இருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

இதற்குள் அமெரிக்காவில் சால் காசின் என்ற பேராசிரியர் மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்திருந்தார். ‘ஆல்ட்’ விசையை மட்டும் தொடாதே, தொட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்பது நிபந்தனை. கொஞ்ச நேரத்தில் கணினி தானாகச் செயலிழக்கும். நீதான் தொட்டாய் என்று குற்றம் சாட்டப்படும். ஒருவரும் தொடவில்லை, 69 சதவீதம் பேர் தொட்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். இது 1996-இல். 2003-இல் ரெட்லிக், குட்மன் என்ற இருவர் இதையே சிறுவர்களிடம் செய்துபார்த்தார்கள். இளம் பெரியவர்களில் 59 சதவீதம், 15–16 வயதில் 72, 12–13 வயதில் 78. வயது இறங்க இறங்க எண் ஏறியது. அடுத்த ஆண்டு ட்ரிஸினும் லியோவும், பொய்யென்று நிரூபணமான 125 அமெரிக்க வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று 18 வயது நிறையாதவர்கள் கொடுத்தது.

ஃபிஷருக்குக் கிடைக்காத பதில் இதில்தான் இருந்தது. பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டால் ஆமாம் என்று சொல்லித்தான் பிள்ளை வளர்கிறது. ‘ஏன் செஞ்ச?’ என்று கேட்கும் அப்பாவிடம் ‘செய்யல’ என்று நாலாம் முறை சொன்னால் அடி, ‘இனிமே செய்யமாட்டேன்’ என்றால் சோறு. பூட்டிய அறையில் 14 வயதுக்காரனுக்குப் பத்து வருட ஜெயில் என்பது வெறும் எண். வீட்டுக்குப் போய்த் தூங்குவது மட்டுமே நிஜம். ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள், தப்பு செய்யவில்லை என்று பிறகு தானாகத் தெரிந்துவிடும் என்று நம்புவதும் நிரபராதியே. குற்றவாளிக்கு அந்த நம்பிக்கை வர வழியில்லை. 1855-இன் ஆணையம் வலியைத்தான் தேடியது, கண்டுபிடித்தது. வலியே இல்லாமல் இதே சரக்கைப் பிழியலாம் என்று அதற்குத் தெரியவில்லை. தெரியாமலேயே, அடித்தானா இல்லையா என்று கேட்காத ஒரு விதிக்கு அது வழிவிட்டது. அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு மலேசியாவில் நேரம் வந்தது.

2004-இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் ஜைடின் அப்துல்லா தலைமையில் போலீஸ் படையைச் சீரமைக்க அரச விசாரணை ஆணையம் அமைந்தது. மறுவருடம் 125 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் 2006-இல் நிறைவேறி, 2007 செப்டம்பர் 7-இல் நடைமுறைக்கு வந்தது. 113-ஆம் பிரிவு தலைகீழாயிற்று. விசாரணையின்போது எந்தப் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமும், இன்ஸ்பெக்டரானாலும் சரி, கொடுத்தவனுக்கு எதிராகச் செல்லாது. கைதானவனை விசாரிக்குமுன் உறவினரோடும் வக்கீலோடும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்று 28ஏ பிரிவும் கூடவே வந்தது. 1861-இன் சென்னை விதி, 146 வருடம் சுற்றிவிட்டு மாசாய்ப் பையனுக்கும் முழுசாகக் கிடைத்தது. கிட்டத்தட்ட முழுசாக.

இந்தியாவில் 2013-இல், ஓய்வுபெற்றுவிட்ட எஸ்.பி. தியாகராஜன் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். எழுதியிருந்தால் வாக்குமூலம் எடுத்த நோக்கமே கெட்டிருக்கும் என்பது அவர் விளக்கம். பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் இதைப் பிரமாணப் பத்திரமாகத் தந்தார். எஸ்.பி. என்றால் தப்பு நடக்காது என்ற தடாவின் நம்பிக்கைக்கு, அந்த எஸ்.பி.யே சாட்சி சொல்லிவிட்டார். 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தபோது அவருக்கு வயது 50.

மாசாயிலிருந்து ஜொகூர் நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூர். 2016 ஜனவரியில் ஈசூன் பகுதிப் பள்ளியிலிருந்து 14 வயது மாணவன் ஒருவனை மானபங்கப் புகாரில் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போனது. பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் விசாரணை நடந்தது. அன்றே அவன் இறந்தான். நாடாளுமன்றம் வரை எழுந்த கேள்விகளுக்குப் பின், 2017 ஏப்ரலில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் விசாரணை அறையில் சிறுவனோடு உட்காருவார். கேட்ஃபர்டில் பிறந்த அந்தக் கூடுதல் நாற்காலி, நீரிணையின் அக்கரை வரை வந்துவிட்டது.

இக்கரையில், மாசாய் வட்டாரம் ஸ்ரீ ஆலாம் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் கீழ் வருகிறது. சிறார் கைதானால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது 2001-இன் சிறார் சட்டம், 87-ஆம் பிரிவு. தெரிவிக்கச் சொல்கிறதே ஒழிய, பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லவில்லை. சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் பழையபடி இருக்கிறது. ‘எங்கே ஒளிச்சு வச்சே?’ என்ற கேள்விக்குப் பையன் சொன்ன பதிலைப் பிடித்துப் போய்ப் பொருளை எடுத்துவிட்டால், அந்த அளவுக்கு அவன் பேச்சு கோர்ட்டுக்குப் போகும். 113-இன் கதவு மூடியபோது தனிச் சட்டங்களின் ஜன்னல்கள் சில மூடாமல் தப்பின. அவற்றில் ஒன்று 1952-இன் அபாயகரப் போதைப்பொருள் சட்டம், அடுக்குமாடிப் பையன்கள் அடிக்கடி மாட்டுவது எதிலோ அதற்கான சட்டம். மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் எச்சரித்து எடுத்த வாக்குமூலம் அதன்கீழ் இன்றும் செல்லும். எடுக்கிறவர் இன்ஸ்பெக்டராக இருந்தால் போதும். கொடுப்பவனுக்கு எத்தனை வயது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.